அன்னக்கொடி பேசாத பதினெட்டு விநாடி

1
இந்தக் கதை என் பொறாமையில் பிறந்தது; மறைப்பானேன்? யூடியூபில் நையாண்டிப் பேட்டி எடுக்கிறவர்கள் அதை முடிக்கிற லாவகத்தைப் பார்த்து வாய் பிளந்தவன் நான். எனக்குக் கதை முடிக்க வந்ததே இல்லை. அதனால் போடியில் ஓர் ஆளை உண்டாக்கினேன்: லிங்கேஸ்வரன். நிகழ்ச்சி பெயர் 'சல்லடை'. கடைசியில் ஏலக்காய்ச் சல்லடையில் ஒரு கை காயைச் சலித்து, மேலே நிற்கிற பெரிய காயை வைத்து விருந்தாளிக்குத் தரம் சொல்லுவான். பந்தா பேர்வழிக்குப் பொடிக்காயாகப் பார்த்துப் போடுவான். எல்லாம் கீழே கொட்டும், ஊரே சிரிக்கும்.

2
மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்த அந்த—
(அடித்துவிட்டேன். போடிக்காரனிடமே மேகத்தைக் காட்டுவதா?)

அவனிடம் இன்னொரு வித்தையும் உண்டு. கேள்வியைப் போட்டுவிட்டு, கேமராவைப் பார்த்தபடி சும்மா இருப்பான். எப்பேர்ப்பட்ட ஆளும் நாலு விநாடி தாங்கமாட்டார், எதையாவது உளறிவிடுவார்.

3
ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பு மலை இறக்கத்தில் கவிழ்ந்து இரண்டு பெண்கள் செத்தார்கள். ஓட்டிய பால்ராஜ் ஜெயிலில். ஜீப்பு லிங்கேஸ்வரனின் தாய்மாமாவுடையது. டிரைவர் குடித்திருந்தான் என்று மாமா போலீசில் சொல்லிவிட்டார். "ஒங்க மாமாவ மட்டும் சலிக்க மாட்டீகளோ?" என்று பார்க்கிறவர்கள் குத்திக்கொண்டே இருக்க, ரோஷத்தில் பால்ராஜின் மனைவி அன்னக்கொடியைக் கூப்பிட்டுவிட்டான்.

சிலமலையிலிருந்து பஸ்ஸேறி வந்தார். ஜீப்பில் எத்தனை பேர் போவீர்கள் என்றதற்கு, உட்கார்ந்தவர்களா தொங்கினவர்களா என்று திருப்பிக் கேட்டார். லிங்கேஸ்வரன் நிஜமாகவே சிரித்துவிட்டான். பிறகு, உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குக் குடித்திருந்தாராமே என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான்.

அவரும் சும்மா இருந்தார்.

நாலு விநாடி. எட்டு. (இங்கே அவரை அழவைக்கலாமென்று எழுதிப் பார்த்தேன். அழ மறுத்துவிட்டார்.) கேமராவை அல்ல, அவனையே பார்த்தார். கோபமில்லை, கெஞ்சலுமில்லை. அம்மாடி, என்ன பெண்பிள்ளை! எழுதுகிற எனக்கே புல்லரித்தது.

பதினெட்டாவது விநாடியில் லிங்கேஸ்வரனுக்குத்தான் வாய் திறந்தது.

"இல்லக்கா. பிரேக்கு பிடிக்கலன்னு அண்ணே மொத நாளே மாமாகிட்ட வந்து சொன்னாரு. நானும் அங்கனதான் இருந்தேன்."

"தெரியும் தம்பி. அவுக சொன்னாக. நீ சொல்லுவியான்னு பாக்கத்தான் வந்தேன்."

சல்லடையை அவன் தொடவில்லை.*

* ஒரு பிரதியில் அவருக்காகப் பெரிய காயாகப் பொறுக்கிப் போட்டிருந்தான். கிழித்துவிட்டேன். அந்த அம்மாளுக்குத் தரம் போட அவன் யார், நான்தான் யார்?

4
பேட்டி இன்னும் வெளியாகவில்லை. மாமாதான் லிங்கேஸ்வரனைப் படிக்கவைத்தவர். முடிவுகள் இரண்டு எழுதினேன்: அவன் வெளியிடுகிறான், அவன் அழித்துவிடுகிறான். இரண்டும் பொய்யாகப் பட்டன. ஏனென்றால் அன்னக்கொடி பேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இதைத்தான் சொன்னார்:

"திங்கக்கெழம கோர்ட்டு. பத்தரைக்குக் கூப்புடுவாக. வெரசா வந்துரு தம்பி."

இதற்குமேல் என்னால் ஆகாது. நீங்கள் வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஒன்பதரைக்கே வந்து கோர்ட்டு வாசலில் நிற்கிறேன். லிங்கேஸ்வரன் வருவானா என்று தெரியவில்லை. அன்னக்கொடி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்.