ஒரே உத்தரம்

திண்டிவனம் பழைய கடைத்தெருவில் இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு சுவர்தான் இருக்கும். கட்டியவர்கள் நீளமான ஒரே தேக்கு உத்தரத்தை அந்த நடுச்சுவரின் மேல் கிடத்தி, இரு பக்கக் கூரையையும் அதில் ஏற்றினார்கள். தராசுத் தண்டு போலத்தான். ஒரு முனை இறங்கினால் மறுமுனை எழும்பிவிடும்.

வணிக வளாகம் கட்ட வந்தவர்களுக்குத் தென்னரசு அப்படி ஒட்டிய இரட்டைக் கடையில் தன் பாதியை விற்றுவிட்டான். மறுபாதியில் பாத்திரக்கடை வைத்திருந்த அவன் அண்ணி அமலா விற்க மறுத்தாள்.

பொக்லைன் வந்ததும் அவள் குறுக்கே நின்றாள். "உத்தரம் ஒண்ணுதான்டா. உன்னுத இடிச்சா என்னுதும் வுழுந்துடும்!"

"இன்னா அண்ணி, இஞ்சினியருக்குப் படிச்சிக்கினு வந்தீங்களா?"

சிரித்துக்கொண்டே கடப்பாரையால் அவள் நெற்றியில் அடித்தான். விழுந்தவளைத் தாண்டி அவள் கடைக்குள் புகுந்து, குண்டான்களைத் தெருவில் வீசினான். "ஜல்தி இடிய்யா!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினான்.

பொக்லைன் அவன் பக்கச் சுவரைச் சாய்த்தது. உத்தரத்தின் அந்த முனை இறங்க, இந்த முனை எழும்பி அமலாவின் கூரையைப் பெயர்த்தது. செங்கல்லும் காரையும் தென்னரசின் மேல் கொட்டின. பிறகு உத்தரமே விழுந்து அவன் தொடை எலும்பை நொறுக்கியது.

அவன் அலறினான். இடிபாடு வாசலை அடைத்திருந்தது. அமலாவின் பக்கச் சுவர் மட்டும் நின்றது. அதை உடைத்தால்தான் பொக்லைன் உள்ளே போய் உத்தரத்தைத் தூக்க முடியும். ஆனால் அதையும் உடைத்துவிட்டால் கடை என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

டிரைவர் அமலாவைப் பார்த்தான். அவள் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைக் காட்டினாள்.

"இன்னாத்தப் பாக்குற? ஒடைடா!"