ஏமாற்றாத புத்தோ

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கெட்ட வார்த்தை ஒரு நல்ல பெண்ணுக்குக் கடை பிடித்துக் கொடுத்த கதை சொல்கிறேன்.

மாட்ரிட்டில், எங்கள் தெதுவான் பேட்டையில், எர்லிண்டா என்றொரு பிலிப்பைன்ஸ்காரி. பதினெட்டு வருடம் பிறத்தியார் அடுப்படியில் நின்றவள். அந்த வருடம் சந்தையில் ஒரு கடை காலியானது. திருவிழாவன்று யாருடைய தட்டு முதலில் காலியாகிறதோ அவருக்கே கடை என்றது பேட்டைச் சங்கம்.

எர்லிண்டா ஆவியில் வேகவைத்த அரிசிப் பலகாரம் கொண்டுவந்தாள். நம் இட்லிக்குத் தங்கை மாதிரி. கொஞ்சம் தித்திப்பு, தலையில் ஒரு சீஸ் துண்டு. அவள் ஊரில் அதற்குப் பெயர் புத்தோ. பலகையிலும் அதையே பெரிதாக எழுதினாள்.

ஸ்பெயின்காரர் வாயிலோ அது ஒழுக்கம் கெட்ட ஆம்பிளையைத் திட்டும் வசவு. எர்லிண்டாவுக்கும் தெரியும். பலகாரத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துவிட்டாள். வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள், நகர்ந்துவிட்டார்கள். எதிர் மேசையில் உருளைக்கிழங்கு ஆம்லெட் பாதி தீர்ந்துவிட்டது.

சங்கத்துக்காரர் ஃபெர்மின் வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார். "லிண்டா, அதை அழிம்மா! அரிசி கேக்னு எழுதேன், உனக்கென்ன குறைஞ்சுபோகுது?"

"அக்கா, அழிச்சுடுங்க அக்கா, கடை போயிடும்," என்று பக்கத்தில் நின்ற தோழி நெனித்தா கையைப் பிடித்தாள்.

எர்லிண்டா சாக்குக்கட்டியை எடுத்தாள். அழிக்கவில்லை. "என் பேரு எர்லிண்டா. வாய்ல நுழையலைன்னு நீங்க எல்லாரும் லிண்டான்னு வெட்டுனீங்க, விட்டுட்டேன் ஐயா. இது எங்கம்மா சொன்ன பேரு. இதை விடமாட்டேன்."

அப்போதுதான் மீன்கடை பௌலினாம்மா வந்தாள். எழுபது வயது, குரல் மட்டும் இருபது. பலகையைப் படித்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "அடியே, என் முதல் புருஷனை நான் இப்படித்தாண்டி கூப்பிடுவேன்!"

"அவர் உங்களை ஏமாத்தியிருப்பார் அம்மா. இது ஏமாத்தாது. தின்னு பாருங்க," என்று எர்லிண்டா தட்டை நீட்டினாள்.

பௌலினாம்மா ஒன்றை வாயில் போட்டாள். மென்றாள். கண்ணை மூடினாள். "எழுதுடி! இப்ப சொன்னியே, அதை அப்படியே எழுது!"

எர்லிண்டா பெயருக்குக் கீழே எழுதினாள்: உங்களை ஏமாற்றாத ஒரே புத்தோ.

பௌலினாம்மா அதைச் சந்தை முழுக்கக் கேட்கும்படி மீன் கூவும் குரலில் கூவினாள். சிரித்துக்கொண்டே பெண்கள் வந்தார்கள். "என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கொடு, பார்த்துக் கத்துக்கட்டும்!" என்றாள் ஒருத்தி. வரிசை தேவாலய வாசல் வரை போனது. ஆம்லெட் மேசைக்காரனே வரிசையில் நின்றான். ஒரு மணி அடிக்கும்முன் எர்லிண்டாவின் தட்டில் வாழையிலை மட்டும் மிச்சம்.

ஃபெர்மின் கடைச் சாவியை நீட்டினார். "வாழ்த்துகள், லி..." நிறுத்திக்கொண்டார். "எர்லிண்டா."

இன்று அந்தக் கடையின் பெயர்ப்பலகையில் அதே சொல்தான், ஒரு முழ உயர எழுத்தில்.

உங்கள் வீட்டு ஆவிப்பானை ஒருநாளும் ஆறாமல் இருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் பெயரை யாரும் பாதியில் வெட்டாமல் முழுசாகக் கூப்பிடட்டும்.