ஆல்டரேஷன் செய்வதில்லை

என் தையல் கடை வாசலில் பதினேழு வருடமாக ஒரு பலகை தொங்குகிறது: "ஆல்டரேஷன் செய்வதில்லை." பழைய துணியைப் பிரித்து ஒட்டுப் போடுகிறவன் தையல்காரனே இல்லை என்பது என் கொள்கை. என்னைப் போன்ற ஆளுக்குக் கொள்கை வேறு இருந்தால் வீட்டிலிருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அம்மா இடுப்பெலும்பு உடைந்து சக்கர நாற்காலிக்கு வந்தபோது எங்கள் பழைய வீட்டுக் குளியலறை வாசல் அந்த நாற்காலியை உள்ளே விடவில்லை. ஒரே ஒரு இஞ்ச் இடித்தது. கொல்லைப்புறத்தில் திரை கட்டி என் மனைவிதான் அம்மாவைக் குளிப்பாட்டினாள். காற்றடித்தால் அம்மா சோப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் திரையைப் பிடித்துக்கொள்வாள்.

கொத்தனார் வந்து பார்த்தார். "நிலையப் பேத்துட்டு இந்தப் பக்கம் அரை அடி இடிச்சிரலாம் சார். மூணு நாள் வேலை."

"ஒட்டுப் போடற வேலையே வேண்டாம். நம்ம மனை ஒண்ணு சும்மாதானே கிடக்கு? புதுசாவே கட்டிடலாம்" என்றேன்.

"ஏங்க, அந்த போர்டு கடையிலதான்னு பாத்தா வீட்டுலயுமா?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது." தோற்கப்போகிறேன் என்று தெரிந்தால் நான் சொல்கிற வாக்கியம் அது.

ஏழு மாதம் பிளான் போட்டேன். இன்ஜினியர் எதற்கு, கழுத்தில் டேப் இருக்கும்போது? ஜன்னல்களை மட்டும் பதினொரு முறை இடம் மாற்றினேன். அளவு நோட்டில் ஒருவர் இடுப்பளவுக்கு மேலேயே மாடிப்படியை வரைந்துவிட்டேன். அவருடைய பேன்ட் இன்னும் முடிந்தபாடில்லை. அம்மா எதுவும் கேட்கவில்லை. காற்று பலமாக அடித்த நாட்களில் மட்டும், "இன்னிக்குக் குளிக்கலம்மா" என்று மருமகளிடம் சொல்லிவிடுவாள்.

ஒருவழியாக மனையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, அறை அறையாகத் தள்ளிக்கொண்டு போனேன். "இது ஹால்மா. இது உன் ரூம். இதுதான் உன் பாத்ரூம்!"

அம்மா சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு சக்கரமும் வாசலின் இரண்டு பக்கக் கோட்டின் மேல் நின்றன.

"வெறும் கோடுதானேம்மா, தாண்டி வா."

"நாளைக்கு இங்க சுவர் வரும்லடா?"

கொத்தனார் குனிந்து டேப்பை வைத்தார். "இருபத்தாறு இஞ்ச். நாற்காலி இருபத்தேழு. இந்த அளவை எங்க இருந்து சார் எடுத்தீங்க?"

புதுச் சட்டை தைக்க வருகிறவர்கள் பழைய சட்டை ஒன்றை அளவுக்குத் தருவார்கள். அதைப் பார்த்து வெட்டியே பழகிய கை. எந்த வாசலுக்கு எவ்வளவு என்று தெரியாமல் பழைய வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாக அளந்து அப்படியே பிளானில் இறக்கியிருந்தேன். ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவன், பெற்றவளின் நாற்காலியை ஒரு தடவை அளக்கவில்லை.

கூட வந்திருந்த மனைவி நாற்காலியை ஆட்டோ பக்கம் திருப்பினாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே பழைய வீட்டில் நிலையைப் பெயர்த்தார்கள். சொன்னபடி மூன்று நாள். ஈரம் காய்ந்ததும், சுவரில் கைப்பிடி, கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் எல்லாம் வைத்தார்கள். நாற்காலி எங்கும் இடிக்காமல் உள்ளே போனது. மனைவி வெந்நீரைக் கொண்டுபோய் வைத்தாள். நான் வாசலில் அசடு வழிய நின்றேன்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள் அம்மா. "நானே குளிச்சுக்கறேன்."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. மூன்று நாள் வேலைக்கு ஏழு மாதம் அவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தேன்.

கொல்லையிலிருந்து அந்தத் திரையை அவிழ்த்துக்கொண்டு வந்த மனைவி, அதை என் தோளில் போட்டாள்.

"இதப் பிரிச்சு ரெண்டு தலகாணி உறை தைச்சுக் குடுங்க."

எப்போது வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.