பஸ்ஸுக்காக வந்த பண்டிகை

சிக்கபைலூரில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. நடுவில் ராகிக் கொல்லை, அதற்கப்புறம் காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் கர்நாடகா. அந்த வழியில் தவறாமல் வந்துபோனவை யானைகள்தான்.

பஸ் விடச் சொல்லிக் கேட்டதற்கு, ஆளில்லாத ஊருக்கு எதற்கு பஸ் என்று டிப்போவில் கேட்டுவிட்டார்கள். வார்டு மெம்பர் மாதம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. டிப்போ அதிகாரி ஊரை நேரில் பார்க்க வரும் நாளில் மாரியம்மன் பண்டிகை வைத்துவிட்டாள். அது பண்டிகை மாதமே இல்லை.

"மாரியம்மா கனவுல வந்து கேட்டா," என்றாள். எல்லை தாண்டிப் பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு எல்லாம் டெம்போ பிடித்து வந்து இறங்கின.

பாதிக் கூட்டம் கன்னடம் பேசியது. ஓசூர்க்காரரான அதிகாரிக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. களியும் கறிக்குழம்பும் சாப்பிட்டு முடித்து, "இவ்ளோ ஜனம் இருக்குதுன்னு தெரியாம போச்சேம்மா," என்றார்.

"பஸ்ஸு இல்லீங்களே சார். எங்க வெளிய வர்றது?"

பஸ் வந்தது. வயசுப்பிள்ளைகள் அதில் ஏறி ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். முதலில் சாயங்காலம் திரும்பினார்கள். அப்புறம் ஷிஃப்ட் ஒத்துவரவில்லை என்று அங்கேயே ரூம் எடுத்தார்கள். அப்புறம் அப்பா அம்மாவையும் அதே பஸ்ஸில் கூட்டிப்போனார்கள்.

மறுவருஷம், பஸ் காலியாக ஓடுகிறதாமே, பார்க்க வருகிறேன் என்று அதே அதிகாரி சொல்லியனுப்பினார். மாரியம்மன் மறுபடியும் மாதம்மாவின் கனவில் வந்தாள். மாதம்மா போனை எடுத்தாள். இந்தத் தடவை சொந்தக்காரர்களை அல்ல, ஊர்க்காரர்களைத்தான் ஊருக்கு அழைக்க வேண்டியிருந்தது.