முன்கதவு

வாசலில் லாரி வந்து நின்றபோது அவள் ஒரு பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கால் மிதித்துக்கொண்டே இருந்தது, கண் மட்டும் ஜன்னலுக்குப் போய்விட்டது. காலர் கோணிக்கொண்டது. பக்கத்து வீட்டு டீச்சரின் அண்ணன் லாரியிலிருந்து இறங்கி, தங்கை வீட்டுக்குள் எட்டிப் பீரோவைப் பார்த்தார், கதவின் அகலத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். டீச்சர் இன்றைக்கு வீட்டைக் காலி செய்கிறாள் என்பது அந்த வரிசைக்கே தெரியும். போகும்போது தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போவாளா என்பதுதான் இவளுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

அது சிறப்புப் படைக்காரர்களின் குடியிருப்பு. எட்டு வீடுகள், ரயில் பெட்டிகள்போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் மாத்திரை வேண்டுமா என்று கேட்பார்கள். ஆண்கள் எங்கே போகிறார்கள், எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் கூடாது. வாசலில் பூட்ஸ் இல்லையென்றால் ஆள் இல்லை, அவ்வளவுதான். ஊருக்கு அவர்கள் பெரிய வீரர்கள். வீட்டில் பல்பு மாற்றச் சொன்னால் நாளைக்கு ஆகட்டும் என்பார்கள். அந்த வரிசையில் எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. முன்கதவை யாரும் தட்டக்கூடாது. பால்காரர், காய்கறிக்காரம்மா, சொந்தக்காரர்கள் எல்லோரும் பின்பக்கமாகச் சமையலறைக் கதவுக்குத்தான் வரவேண்டும். முன்கதவைத் தட்டுகிறவர்கள் ஒரே ரகம். போன ஆள் இனி வரமாட்டான் என்று சொல்ல, இஸ்திரி கலையாத சீருடையில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். கல்யாணமாகிப் புதிதாக வருகிற பெண்ணுக்கு, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

டீச்சருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். உடைத்தவளும் இவள்தான்.

போன வருடம் ஒரு மத்தியானம். ரொம்ப நாளாகத் தகவலே இல்லாமல் இருந்த ஆண்களின் வண்டி தெருமுனையில் திரும்புவதைத் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டாள். சந்தோஷத்தில் சட்டமாவது ஒன்றாவது. நாலே எட்டில் ஓடிப்போய் டீச்சர் வீட்டு முன்கதவைப் படபடவென்று தட்டினாள். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

"டீச்சர், நான்தான்! அவங்க வந்துட்டாங்க!"

கதவு திறந்தது. டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. இவள் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். பிறகு இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்கள். டீச்சரின் புருஷனை எல்லோரும் நெட்டையன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வந்து, குனிந்தும்கூட, கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டு, "எவனும் என்னைத் தொட முடியல, இந்தக் கதவுகிட்ட மட்டும் தினம் தோக்குறேன்" என்றான்.

அதிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. பூட்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவள் தட்டுவாள், உள்ளேயிருந்து திட்டு வரும், அப்புறம் சிரிப்பு வரும். வரிசையில் மற்றப் பெண்கள் முகம் சுளித்தார்கள். பயத்தை ஜெயித்துவிட்டோம் என்று இவர்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். என்ன புத்திசாலித்தனம்!

அப்புறம் ஒரு நாள், இரண்டு வாசலிலும் பூட்ஸ் இல்லாதபோது, இவள் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. உடனே டீச்சரின் குரல். "வர்றேன், வர்றேன்! கதவைப் பேத்துடாதீங்கக்கா!" சிரிப்பு. தாழ்ப்பாள் விலகும் சத்தம். அக்கா இங்கே அல்லவா இருக்கிறாள், அங்கே தட்டியது யார் என்று இவளுக்கு உறைத்தபோது கையிலிருந்த அரிசி தொட்டியில் கொட்டிவிட்டது. அடுத்த வீட்டில் சிரிப்பு நின்றிருந்தது.

இவள் புருஷன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். எங்கே, என்ன என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடாமல் ஒன்று மட்டும் சொன்னார். "நாங்க எல்லாரும் ஹெலிகாப்டர்ல ஏறுற வரைக்கும் நெட்டையன் கீழயே நின்னான். நீங்க போங்க, நான் கடைசியா வர்றேன்னான்." பிறகு எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

முகாமின் கூடத்தில் அவனுக்கு மரியாதை செய்தார்கள். புகைப்படம் கிடையாது, பத்திரிகைக்காரர்கள் கிடையாது. ஓர் அதிகாரி நின்று வாசித்தார். ஓர் இடத்தில், ஒரு பணியில், தோழர்கள் அனைவரும் திரும்பும்வரை தன் இடத்தை விட்டு அகலாமல் நின்றார் என்று இருந்தது. ஊர் பேர் எதுவும் இல்லை. பதக்கப் பெட்டியை டீச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கூடம் முழுக்க எழுந்து நின்றது. அந்த அனைவரில் ஒருவர் தன் பக்கத்தில் நின்று மூச்சு விடுவது இவளுக்குக் கேட்டது. அதற்காக மனசு நிறைய நன்றி இருந்தது. அந்த நன்றியே வெட்கமாகவும் இருந்தது. டீச்சர் இருந்த திசைக்கு இவள் தலையைத் திருப்பவே இல்லை.

பிறகு எத்தனையோ தடவை பின்பக்கமாகப் போய்ச் சமையலறைக் கதவடியில் நின்றாள். டீச்சரின் அம்மா வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "தூங்குறாம்மா" என்பார். ஒரே ஒரு நாள், துணி காயப்போடும் இடத்தில், ஈரத்துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரே பேசினாள்.

"நீங்கதான்னு நெனச்சேங்க்கா. சிரிச்சிக்கிட்டே திறந்தேன். அந்த மேஜர் என் மூஞ்சியப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. பாவம், அவரும்தான் என்ன செய்வாரு."

இவள் மன்னிச்சிடு என்று சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். துணிக்கு மாட்டும் கிளிப்பை விரலில் கவ்வவிட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். துணியை விலக்கிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

லாரியில் கடைசியாகத் தண்ணீர்க் குடம் ஏறியது. குடியிருப்பு அலுவலகத்து ஆள் டீச்சர் வீட்டுப் பின்கதவை உள்ளே தாழிட்டு, முன்கதவைப் பூட்டி, சாவியை வாங்கிக்கொண்டு போனார். டீச்சர் தோளில் பையோடு படியிறங்கினாள். லாரிப் பக்கம் போகவில்லை. நேராக இவள் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் இவள் எழுந்து நின்றாள். டீச்சர் ஒரு படி ஏறினாள். கையைக்கூடத் தூக்கிவிட்டாள். அப்புறம் கீழே பார்த்தாள். வாசலோரத்தில் பூட்ஸ் வைக்கிற இடம் காலியாக இருந்தது. முந்தாநாள் விடிகாலையில் போனவர் இன்னும் வரவில்லை. டீச்சர் தூக்கிய கையை மெதுவாக இறக்கி, வந்த சத்தம் தெரியாமல் படியை விட்டு இறங்கினாள்.

அவ்வளவுதான், போய்விட்டாள் என்று இவள் நினைத்தாள்.

"எங்கம்மா போற? கதவு இங்கதானே இருக்கு, தட்டேன்" என்றார் அண்ணன்.

"இந்தப் பக்கம் வேணாம்ணா. அவங்க வீட்டுக்காரர் வெளிய போயிருக்கார். நான் சுத்திக்கிட்டு வந்துடுறேன்."

"பின்னாடி பூரா சேறா கெடக்கே!"

"கெடக்கட்டும்."

டீச்சர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வரிசையின் கோடிவரை போய், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி அத்தனை வீட்டின் பின்பக்கத்தையும் தாண்டித்தான் வரவேண்டும். அவள் அவசரமில்லாமல் நடந்தாள். ஒவ்வொரு வீட்டு முன்கதவையும் தாண்டும்போது தெருப்பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கியே நடந்தாள்.

இவள் கோணல் காலரை மெஷினிலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். பின்கதவை முழுக்கத் திறந்து வைத்தாள். கால் கழுவ ஒரு குவளையில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து படியில் நின்றாள். சேற்றில் கால் புதைந்து மீள்கிற சத்தம் ஒவ்வொரு வீடாகத் தாண்டி வந்துகொண்டிருந்தது. குவளைத் தண்ணீர் ததும்பி இவள் பாதத்தில் சிந்தியது.