முக்கோணம்னா ஸ்பேர்

“எங்கக்கா எப்போ போவான்னு வருஷம் குறிச்சு வச்சிருக்காளே! வாங்க, எல்லாரும் வந்து பாருங்க!”

சின்னவள் போட்ட சத்தத்தில், வாசலில் வாடகை நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தவர் ஒன்றைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டார். கூப்பிடாமலேயே பார்க்கிற தெரு இது. கூப்பிட்ட பிறகு கேட்க வேண்டுமா? கூடத்தில் பெரியவள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்க, கூட்டம் முழுக்க உள்ளறை வாசலுக்கு நகர்ந்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் ஓடிய மின்விசிறிக்கு மட்டும்தான் துக்கம் மிச்சம்.

நடந்தது இதுதான். அக்காவுக்கு உடுத்த நல்லதாக ஒரு துணி வேண்டுமென்று சின்னவள் அலமாரியைத் திறந்தாள். கதவின் உள்பக்கத்தில், நான்கு காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி, கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை. ஆறு வருஷம், வாரத்தின் ஏழு நாள், மணிவாரியாக. தலைப்பில், ‘கணினி, தகவல் தொழில்நுட்பம் – பகுதிநேரம் – தபால் வழி’. முதல் இரண்டு வருஷத்தில் ‘காலை 6–7 அக்கா உடம்பு துடைக்க’, ‘இரவு 8–9 அக்கா சாப்பாடு, மாத்திரை’ என்று பென்சிலில் வரிசையாக இருந்தது. மூன்றாம் வருஷத்திலிருந்து ஒவ்வொரு ‘அக்கா’வையும் சிவப்பு மையில் அடித்து, மேலே ஒரு முக்கோணம் போட்டிருந்தது.

“மூணாம் வருஷத்துலேர்ந்து எங்கக்கா கிடையாதாம்! அடிச்சாச்சு!” சின்னவள் தாளைப் பிய்த்து உயர்த்தினாள். “என் பேருக்கு வட்டம் வேற! ஏன் அண்ணி, அடுத்தது நானா?”

கேள்வி யாரை நோக்கி வந்ததோ அவள் டீ பிளாஸ்க்கும் கையுமாக நின்றிருந்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிறவள். தெருவுக்கு ‘மருந்துக்கடையம்மா’. பெரியவளுக்கு வெறும் ‘மருந்து’. நாற்பத்தொரு வயது, கல்லூரிக்குள் ஒரு பொருட்காட்சி பார்க்கப் போனதோடு சரி. கடையில் பில் மெஷின் நின்றுபோனால் கம்பெனி ஆள் வருவதற்குள் அவளே எதையோ தட்டி ஓடவைத்துவிடுவாள். வருகிற ஆள், “யார் கை வச்சது?” என்று அதட்டிவிட்டு அவள் செய்ததையே இன்னொரு தடவை செய்துவிட்டுப் போவான். அப்படி அதட்டு வாங்கிய ஒரு நாள் பிடித்த கிறுக்கு இந்தப் படிப்பு. ஆறு வருஷம், ஒரு பாடத்துக்கு வாரம் பதினாறு மணி நேரம். அந்தப் பதினாறு மணியை வீட்டுக்குள் தேடியதுதான் அட்டவணை. சேர்க்கையை உறுதிசெய்யக் கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி.

இன்று பார்த்து.

“டீ ஆறிடும்” என்றாள் அவள். இதுவா பதில் என்று தெருவே முகத்தைச் சுளித்தது.

“அண்ணா, நீயாவது வாயைத் திற!”

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று வேலை பார்க்கிறவருக்குப் பேச்சு அவ்வளவாகப் பழக்கமில்லை. தாளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் மின்விசிறியைப் பார்த்தார்.

“வண்டி மூணு மணிக்கு வரும்” என்றார்.

“அந்தப் படிப்பு இந்த வீட்டுல கிடையாதுன்னு சொல்லு. அக்கா மேல சத்தியமா சொல்லு. அப்பதான் நான் வண்டியில ஏறுவேன்.”

மணி ஒன்று பத்து.

மருந்துக்கடையம்மாவுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கப்புகளை எண்ணினாள். எண்ணியதையே மறுபடி எண்ணினாள். செருப்புகளை ஓரமாகத் தள்ளினாள். போகிற போக்கில் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்ததை யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பார்த்திருந்தார்கள். நம் தெருவில் அதற்கென்று ஆள் உண்டு.

ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ‘சிவப்பு மை என்னோடது இல்ல, உங்கக்காவோடது’ என்று. வாய் வரைக்கும் வந்தது, டீயை ஊற்றப் போய்விட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “என்னமோ சார்ட்டு போடுறியாமே, கொண்டா பாப்போம்” என்று பெரியவள் கேட்டாள். கல்யாணம் காட்சி என்று எதற்கும் போகாமல் முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டூட்டி சார்ட் எழுதினவள். எந்த டிரைவர் எந்த வண்டி, யாருக்கு லீவு என்பதெல்லாம் அவள் பேனாவில்தான். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. வாயும் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அதிகாரம் மட்டும் இழுபடவில்லை.

“ஆறு வருஷமும் என்னையே டூட்டியில போட்டிருக்க? எனக்கு ரிட்டயர்மென்ட்டு கிடையாதா?”

“என்னக்கா பேச்சு இது.”

பெரியவள் தாளை மூக்குவரை கொண்டுபோனாள். “ஏய் மருந்து. முதல் ரெண்டு வருஷம் பென்சில் மங்கியிருக்கு. மூணாம் வருஷத்துலேர்ந்து பளிச்சுன்னு இருக்கு. அப்புறமா எழுதினியா?”

டாக்டர் மருந்துக்கடையம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, ‘போனா ரெண்டு வருஷம் போகும்’ என்று சொன்னதை வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அட்டவணை போட்டபோது கை தானாக இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டது. மறுநாள் காலையில் அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்க்கவே கூசி, கைக்குக் கிடைத்த வேறு பென்சிலால் அவசர அவசரமாக ‘அக்கா, அக்கா’ என்று ஆறாம் வருஷம் வரை நிரப்பியிருந்தாள்.

“அந்தச் சிவப்புப் பேனாவை எடு” என்றாள் பெரியவள். இடது கையால் கோணல்மாணலாக ஒவ்வொன்றாக அடித்து முக்கோணம் போட்டாள். அரை மணி நேரம் ஆனது. அப்புறம் சனிக்கிழமைக்கு வந்தாள். ‘10–2 சின்னவள் வந்து பார்த்துக்கொள்வாள்’ என்றிருந்தது. சின்னவளிடம் முன்பே கேட்டாகிவிட்டது. ‘பாக்கலாம்’ என்றிருந்தாள். பெரியவள் அந்தக் கட்டத்தில் ஒரு வட்டம் போட்டாள். அதற்கு அர்த்தம் கேட்டதற்கு, “டிப்போ சமாச்சாரம். உனக்கெதுக்கு?” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்று காலை ஆறு மணிக்கு வெந்நீரும் துண்டுமாகப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அப்போது அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ‘காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வாரத்துக்குப் பதினாலு மணி’ என்று மனசு கூட்டிப்போட்டது. அதற்குப் பிறகுதான் துண்டு கையிலிருந்து விழுந்தது.

எனவே சின்னவள் கத்துவதில் பாதி பொய்தான். மீதிப் பாதி மெய் என்பது அண்ணிக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டரைக்கு டிப்போ ஆட்கள் வந்தார்கள். ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர், மீசைக்காரர், அந்த வயசுக்கும் மீசைக்குச் சாயம் அடிக்கிறவர். பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். “முப்பது வருஷமா ஃபர்ஸ்ட் டிரிப் எனக்குத்தான் போடுவாங்க” என்றார், யாரிடம் என்றில்லாமல். ஏன் அவருக்கு மட்டும் என்று தெருவுக்குக் கேட்க ஆசை, நேரம் சரியில்லை.

சின்னவள் அவரிடமும் தாளை நீட்டினாள். வந்த ஒருவரையும் அவள் விடவில்லை. “பாருங்க சார், எங்கக்காவை எப்படி அடிச்சுப் போட்டிருக்காங்கன்னு!”

மீசைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மேடம் போட்ட சார்ட்டாச்சே இது.”

“அது எங்க அண்ணி எழுதினது.”

“பென்சில் யாரோடதோ. சிவப்பு மேடம்தான். கையெழுத்து கோணினாலும் குறி கோணுமா? இந்தக் குறி எங்க டிப்போவைத் தவிர எங்கயும் கிடையாது. மேடமே கண்டுபிடிச்சது.” முக்கோணத்தின் மேல் விரலை வைத்தார். “முக்கோணம்னா ஸ்பேர். கூடுதல் ஆளு. இருந்தா உக்காந்திருப்பாரு. இல்லேன்னாலும் வண்டி நிக்காது, கிளம்பிடணும்.”

மாடிவீட்டம்மாகூட இருமலை அடக்கிக்கொண்டாள்.

“அப்போ வட்டம்?” என்றாள் சின்னவள்.

“வட்டம்னா ஆள் வரல, லீவும் சொல்லல.” சொன்ன பிறகுதான் பெயரைப் படித்தார் போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது… அதுக்குள்ள ஒரு புள்ளி வச்சா லேட்டா வந்தாங்கன்னு அர்த்தம். மேடம் கண்டிப்புதான். ஆனா லேட்டா வந்தவனை ஒருநாளும் திருப்பி அனுப்பினதில்ல.”

சின்னவள் தாளை மடித்தாள். இன்னும் மடித்தாள். உள்ளங்கை அளவுக்கு ஆனதும் மேலே மடிய மறுத்தது.

“நான் பாக்கலாம்னுதானே அண்ணி சொன்னேன்?”

“ஆமாம்மா. பாக்கலாம்னுதான் சொன்ன.”

“குழந்தைங்களுக்கு சனிக்கிழமை டியூஷன்…”

“தெரியும்மா.”

வண்டி மூன்று மணிக்குச் சொல்லி மூன்றே காலுக்கு வந்தது. டிப்போவாக இருந்தால் பெரியவள் மெமோ கொடுத்திருப்பாள். சத்தியம் பற்றி யாரும் பேசவில்லை. சின்னவள்தான் முதல் ஆளாக ஏறினாள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது வேனில் ஐந்தாறு பேர்தான். மருந்துக்கடையம்மா ஜன்னல் ஓரம். வெளியே பார்க்கிற மாதிரி இருந்தாலும் பார்த்தது ஒவ்வொரு கடையிலும் தொங்கிய கடிகாரத்தைத்தான். ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது. சிக்னலில் வண்டி நின்றபோது புருஷன் தொண்டையைக் கனைத்தார்.

“நாலு நாப்பது.”

“என்ன?”

“மணி.”

அவள் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

“அஞ்சுக்குள்ளன்னு சொன்னியே.”

“இன்னிக்குப் போயா?”

அவர் யோசித்தார். “வண்டி நிக்கக் கூடாதுன்னாரே அவரு” என்றார். அந்த மனிதர் ஒரு வருஷத்துக்குப் பேச வேண்டியதை அதோடு பேசி முடித்துவிட்டார்.

பையிலிருந்து போனை எடுத்தாள். காலையிலிருந்து ஊருக்கெல்லாம் தகவல் சொல்லிச் சொல்லி உயிரை விட்டிருந்தது. புருஷனுடையது பழைய பட்டன் போன். முன் சீட்டில் சின்னவள் திரும்பவில்லை. பின்னால் கை மட்டும் நீண்டு வந்தது. அதில் அவள் போன், பூட்டு திறந்தபடி.

சேர்க்கைப் பக்கத்தின் ரகசியச் சொல் இரண்டு தடவை தப்பியது. மூன்றாம் தடவை திறந்தது. ‘கீழ்க்கண்ட விவரங்கள் உண்மை என உறுதிசெய்யவும்’ என்று ஒரு பட்டியல். பெயர், வேலை, விலாசம். கடைசியில், ‘வீட்டில் நீங்கள் பராமரிக்க வேண்டிய நோயாளி உண்டா?’ ‘ஆம்’ என்று போன மாதம் அவளே போட்டது. பக்கத்தில் ‘திருத்து’ என்று சின்னதாக ஒரு பொத்தான்.

கட்டைவிரல் அந்தப் பொத்தான்மேல் கொஞ்ச நேரம் நின்றது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விரல் நகர்ந்து ‘உறுதிசெய்’ என்பதை அழுத்தியது. நாலு ஐம்பத்திரண்டு.

விண்ணப்பத்தில் அந்த ‘ஆம்’ திருத்தப்படாமல் அப்படியே போய்ச் சேர்ந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் தெருவுக்குத் தெரியும். மீசைக்காரர் மறு வருஷமே மீசைக்குச் சாயம் அடிப்பதை நிறுத்திவிட்டார். அதற்கு நாங்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறோம். மாடிவீட்டம்மாவின் மகள் கம்பெனி ஆளைத்தான் கட்டிக்கொண்டாள், “யார் கை வச்சது?” என்று கேட்பானே, அவனையே. அவன் இப்போது மெஷின் நின்றால் மருந்துக்கடையம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கிறான் என்று பேச்சு. சின்னவள் புருஷனுக்கு மாற்றலாகி, ரயிலில் ஒரு பகல் ஓடினால்தான் வருகிற ஊருக்குக் குடிபோய்விட்டாள். போனதிலிருந்து சனிக்கிழமை பத்து மணியானால் போன் வந்துவிடும். பேச விஷயம் இருக்காது. “என்ன அண்ணி, படிக்கிறீங்களா?” “படிக்கிறேம்மா.” “சரி, படிங்க.” வைக்கவும் மாட்டாள். இந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம், அந்தப் பக்கம் குக்கர் சத்தம்.

அட்டவணை மறுபடி அலமாரிக் கதவுக்கே வந்துவிட்டது. மடித்த தழும்புகள் இன்னும் விட்டபாடில்லை. போன வாரம் இரவல் புடவை வாங்குகிற சாக்கில் மாடிவீட்டம்மா எட்டிப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் வருஷம் ஓடுகிறது. முக்கோணங்கள் போட்டது போட்டபடியே இருக்கின்றன. மேலே யாரும் எதுவும் எழுதவில்லை. சனிக்கிழமைக் கட்டத்தில் மட்டும், அந்தச் சிவப்பு வட்டத்தின் நடுவில், நீல மையில் ஒரு புள்ளி.