கிழக்குச் சரிவு

வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ் அவருடைய கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்து, விட்டாள். வெளுத்த நகம் உடனே சிவக்க வேண்டும். சிவந்தது, ஆனால் ஏனோதானோ என்று, மெதுவாக.

"நேத்து மாதிரி இல்லைங்க. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க," என்று மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

மகள் தலையாட்டினாள். அவள் வனத்துறை அதிகாரி. கட்டிலில் கிடப்பவர் வாழ்நாள் முழுக்கக் காட்டை ஆராய்ச்சி செய்தவர். அப்பா காட்டைப் படித்தார், மகள் காட்டை நிர்வாகம் செய்தாள். அந்த வீட்டின் சாப்பாட்டு மேஜையில் நடந்த சண்டையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். துறைக் கூட்டங்களுக்கு அவரையும் ஆலோசனைக்குக் கூப்பிடுவார்கள். எதை வெட்டலாம் என்று பேச்சு எடுத்தாலும் எழுந்து, "கொஞ்சம் பொறுங்க," என்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பொறுங்க சார்'. மகள் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "கிழக்குச் சரிவு... தொடலையே?"

"தொடலப்பா."

"மழை வரட்டும்மா. அப்புறம் பாரு."

"சரிப்பா. நீங்க பேசாம படுங்க."

பச்சைப் பொய். கோடையில் தீ தின்றுவிட்டுப் போன கிழக்குச் சரிவில் அன்று காலையிலிருந்தே மரம் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உத்தரவில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

கருகிய மரமெல்லாம் செத்த மரமில்லை என்பதுதான் அப்பாவின் ஆராய்ச்சி. அடிமரத்துக் கரியைத் துடைத்துவிட்டுப் பட்டையை நகத்தால் கீற வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, மழை விழுந்ததும் துளிர்க்கும். துறையின் கணக்கெடுப்பு ஜீப்பில் உட்கார்ந்தபடியே முடிந்திருந்தது. கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் செத்தது. மழைக்கு முன் எடுக்காவிட்டால் பூச்சி விழும் என்று மேலதிகாரி உயிரை எடுத்தார். அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்த நேரம். ஜீப்பை விட்டு இறங்கி ஒரே ஒரு மரத்தையாவது கீறிப் பார்க்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வெட்டு வேலையை நடத்தும் மேஸ்திரிக்குப் போன் செய்தாள்.

"வேலையை நிறுத்துங்க."

"என்ன மேடம், விளையாடறீங்களா? ஆரம்பிக்கச் சொன்னதும் நீங்க, நிறுத்தச் சொல்றதும் நீங்களா? உத்தரவு முத்திரையோட வந்துச்சு, நிறுத்தறதும் முத்திரையோட வரட்டும். நாளைக்கு என் தலையில்ல உருளும்?"

"அப்பா சாகக் கிடக்கறாரு."

மேஸ்திரி இயந்திரத்தின் சத்தத்திலிருந்து தள்ளிப் போய்ப் பேசினார். "கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா கையெழுத்து உங்களுது."

ஜீப் சாவியை எடுத்தவளை வாசலில் அத்தை மறித்தாள். அப்பாவின் அக்கா.

"எங்கடி கிளம்பிட்ட? இந்த நேரத்துலயா வேலை? நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு?"

"அவர்கிட்டப் பொய் சொல்லிட்டேன் அத்தை. மரத்தை வெட்டிக்கிட்டு இருக்காங்க. போய்த் தடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

"அதுவரைக்கும் இவன் இருக்கணுமேடி!"

"இருக்கச் சொல்லுங்க. கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க அத்தை. எனக்காக இருக்கச் சொல்லுங்க."

வழியெல்லாம் வாய் அவளறியாமல் பொறுங்க, பொறுங்க என்று முணுமுணுத்தது. அப்பாவிடம் சொன்னாளா, மேஸ்திரியிடம் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

சரிவில் பாதி மொட்டையாகிவிட்டிருந்தது. இறங்கியவள் முதலில் கிடைத்த அடிமரத்தின் முன் மண்டியிட்டாள். மேல் பகுதி ஏற்கெனவே அந்தப் பக்கம் விழுந்து கிடந்தது. கரியைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு நகத்தால் கீறினாள். பச்சை. ஈரமான பச்சை. அடுத்ததைக் கீறினாள். பச்சை. அதற்கடுத்தது உள்ளேயும் காய்ந்து பழுப்பாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. எல்லாமே செத்திருக்கக் கூடாதா, கடவுளே, எல்லாமே இப்படிச் செத்தே இருந்திருக்கக் கூடாதா! நாலாவது மறுபடியும் பச்சை.

எழுந்து ஓடிப் போய் இயந்திரத்தின் முன்னால் நின்றாள். ஓட்டுநர் அலறிக்கொண்டே நிறுத்தினான். "சாகறதுக்கு வேற இடமே கிடைக்கலையா?" பிறகுதான் யாரென்று பார்த்தான்.

ஜீப்பின் முகப்பில் தாளை வைத்து எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். அவசரத்தில் முத்திரை கோணலாக விழுந்தது. மேஸ்திரி வாங்கிப் படித்தார்.

"பாதிதான் மேடம் நிக்குது."

"அதையாவது விடுங்க."

அப்போது போன் அடித்தது. அத்தை.

"இருக்காரா?" என்றாள் மகள்.

"நீ பார்த்து ஓட்டிக்கிட்டு வாம்மா," என்றாள் அத்தை. ஒருநாளும் அவளை 'அம்மா' என்று கூப்பிட்டவளில்லை. மகள் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் செருப்புகள் சேர்ந்திருந்தன. அவருக்குப் போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தார்கள். அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கடைசிவரைக்கும் நினைவு இருந்துச்சுடி. நீ எங்கன்னு கேட்டான். மரத்தை வெட்டறாங்களாம், தடுக்கப் போயிருக்கா, வந்துடுவான்னு சொன்னேன்."

மகள் அத்தையின் முகத்தையே பார்த்தாள். "அதுக்கு என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். அப்புறம் பேசவே இல்ல." அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் சரியாத்தானேடி சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க அத்தை."

"போய்க் கையைக் கழுவிட்டு வா. ஒரே கரி."

அவள் கழுவப் போகவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து போர்வைக்குள்ளிருந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கட்டைவிரல் நகத்துக்குள் பட்டையின் பச்சை இன்னும் காயாமல் ஒட்டியிருந்தது. வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்து தயங்கி நின்றார்கள்.

"எடுத்துடலாமாம்மா?"

அவள் அவருடைய கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். விரலை எடுத்துவிட்டு அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.